தொன்மை ஒரு தகுதியாகுமா?

பாடல்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடுவது பொழுதுபோக்கு இதழ்களின் வேலை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அரபு இலக்கிய வரலாற்றில் பழகியோர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் தம் அவைப் பாடகர் மூவரை அழைத்து, அதுவரை பாடப்பட்டவற்றுள் சிறந்த நூறு பாடல்களைத் தேர்ந்து தருமாறு பணித்தார். பின்னர் அந்த நூற்றிலிருந்து பத்தையும், அந்தப் பத்திலிருந்து மூன்றையும் பிரித்தெடுக்கச் சொன்னார். அந்தத் தேர்வை அடித்தளமாகக் கொண்டே அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ (மறைவு கி.பி. 967) 'கிதாபுல் அகானீ' எனும் பாடல் களஞ்சியத்தை இயற்றினார். ஐம்பதாண்டு உழைப்பின் விளைவு என்று கூறப்படும் அந்நூல் இன்றேல் அரபுக் கவிஞர்கள், பாடகர்கள் பலரின் வாழ்வும் வாக்கும் நமக்கு எட்டியிருக்கா. ஓர் எளிய பட்டியல் ஒரு நாகரிகத்தின் நினைவேடாக வளர்ந்த கதை இது.

அத்தேர்வைப் பின்னாளில் கலீஃபா அல்வாஸிக்கின் விருப்பத்திற்கிணங்கத் திருத்தியமைத்தவர் இஸ்ஹாக் அல்மவ்ஸிலீ (மறைவு கி.பி. 850). பழைய மரபின் காவலர் அவர். முன்னோர் அமைத்த மெட்டை அமைத்தவாறே பாட வேண்டும் என்பது அவர் கட்சி. ஹாரூனின் தம்பியான இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீயோ பழைய மெட்டுகளைத் தம் குரலுக்கும் விருப்பத்திற்கும் ஏற்பச் சுருக்கியும் மாற்றியும் பாடினார். இருவருக்குமிடையே நிகழ்ந்த வாதப் போர்களை 'கிதாபுல் அகானீ' சுவைபடப் பதிவு செய்கிறது. ஆகவே, பழைய இசையில் தோய்ந்த செவி புதிய பாடலை எவ்வாறு எடைபோடுவது எனும் வினா நம் காலத்தில் முளைத்ததன்று. அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டு வயது.

இக்கட்டுரையாளன் இஸ்ஹாக்கின் கட்சியைச் சேர்ந்தவன். குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளும், மவ்லிது மஜ்லிஸ்களின் பைத்துகளும், இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபாவின் குரலும் வளர்த்த செவி இது. எப்போதும்வென்றான் போன்ற கரிசல் ஊர்களில் திருமண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கிகள் வழியாக அக்குரல் மானாவாரிக் காடுகளைக் கடந்து சென்றதை நம் தலைமுறை அறியும். 2015 ஏப்ரல் 8 அன்று ஹனிபா மறைந்தபோது, 'இனிப் பாட்டு ஏது?' என்று பெரியவர்கள் கூறினர். அந்தத் துக்கம் நியாயமானது. ஆனால் துக்கம் தீர்ப்பாக மாறும்போது ஒரு தீங்கு விளைகிறது. 'இக்காலப் பாடல் எதுவும் பாடலே அன்று' என மூத்தோர் கதவைச் சாத்திவிட்டால், இளையோருக்கு நல்லதையும் அல்லதையும் பிரித்துக் காட்டுவார் இல்லாமற் போகின்றனர். அவர்கள் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. அளவுகோலின்றிக் கேட்கப் போகின்றனர். ஒட்டுமொத்தமாக மறுப்பது எளிது. ஆய்ந்து தேர்வதே திறனாய்வு. அக்கடமையை முன்னிட்டே இந்நூற்றாண்டின் பாடல்களிலிருந்து ஐந்தனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இசை கூடுமா, கூடாதா எனும் சட்டப் பொருளை இங்கு நாம் விவாதிக்கவில்லை. அதில் இமாம்களிடையே நிலவும் கருத்து வேற்றுமையை வாசகர்கள் அறிவார்கள். இமாம் கஸ்ஸாலீ (மறைவு கி.பி. 1111) தம் 'இஹ்யா'வில் செவியேற்றலின் ஒழுக்கங்களுக்கெனத் தனி நூற்பகுதியே ஒதுக்கியிருப்பதையும், இப்னுல் ஜவ்ஸீ (மறைவு கி.பி. 1201) அதற்கு எதிர்நிலையில் நின்று கண்டித்ததையும் நினைவூட்டி அப்பாற் செல்கிறோம். கருவியிசையைத் தவிர்க்கும் வாசகருக்கும் இவ்வாய்வின் அளவுகோல்கள் பயன்படும். அவை சொல்லையும் குரலையும் பற்றியன.

பழமை எனும் சான்று

'பழையது, ஆகவே நல்லது' என்னும் வாதத்தை முதலில் உடைத்தவர்கள் பழையோரே என்பது வியப்பிற்குரியது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டினரான இப்னு குதைபா (மறைவு கி.பி. 889) தம் 'அஷ்ஷிஃரு வஷ்ஷுஅரா' நூலின் முன்னுரையில், முந்தியவர் என்பதற்காக ஒருவரை உயர்த்தவும் பிந்தியவர் என்பதற்காக ஒருவரைத் தாழ்த்தவும் தாம் ஒப்பவில்லை என அறிவிக்கிறார். இறைவன் அறிவையும் கவிதையையும் நாவன்மையையும் ஏதேனும் ஒரு காலத்திற்கோ ஒரு கூட்டத்திற்கோ மட்டும் உரியதாக்கிவிடவில்லை; இன்று பழையதாக மதிக்கப்படும் ஒவ்வொன்றும் தன் காலத்தில் புதியதாகவே இருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழிலும் உமாபதி சிவாசாரியார் பதினான்காம் நூற்றாண்டில் தம் 'சிவப்பிரகாச'த்தின் அவையடக்கத்தில் இதே நீதியைக் கூறியுள்ளார். ஒருவரையொருவர் அறியாத இரு மரபுகள் ஒரே முடிவை எட்டியுள்ளன.

நூல்களை விட்டு நிலத்தைப் பார்ப்போம். எப்போதும்வென்றானிலிருந்து வடக்கே சில கல் தொலைவில் உள்ள எட்டயபுரம், பழைய இசையை விரும்புவோர் வணக்கத்துடன் உச்சரிக்கும் ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது அங்கேதான். அவரது நினைவிடம் இன்றும் அவ்வூரில் உள்ளது. அதே தீட்சிதர்தாம் ஆங்கிலேயப் படையினரின் வாத்தியக் குழு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைச் செவிமடுத்து, அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்து 'நோட்டுஸ்வர'ங்களைப் படைத்தார். அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்றுத் தென்னிசைக்குக் கொணர்ந்து, எட்டயபுர அரசவையை அணிசெய்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் கற்பனை செய்வதே கடினம். பாலுசுவாமியின் வழித்தோன்றல் சுப்பராம தீட்சிதர் 1904-இல் அதே ஊரிலிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யும் ஒரு புதுமையே. குருவின் வாய்வழி மட்டுமே கைமாறிய கமகங்களைக் குறியீடுகளாக்கி அச்சேற்றிய நூல் அது. அந்த முயற்சிக்குத் தூண்டுகோலாய் இருந்தவர்களுள் கிறிஸ்தவரான சின்னசாமி முதலியாரும் ஒருவர்.

அதே எட்டயபுரத்தில்தான் 'சீறாப்புராண' ஆசிரியர் உமறுப்புலவர் அடங்கியுள்ளார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழ்க் காப்பியத்தின் நாட்டுப்படலம், நகரப்படலம் எனும் வார்ப்பில் 5027 பாடல்களாகப் பாடிய அவர் செயல் அக்காலத்தில் எத்துணைத் துணிவானது என்பதை நாம் மறந்துவிட்டோம். மக்கத்து மண்ணில் தமிழ் மருத நிலத்தின் வளத்தை வைத்துப் பாடிய புலவரைப் பழமையின் சின்னமாக மட்டும் போற்றுவது அவருக்கு நாம் செய்யும் முழு மரியாதையாகாது. ஹனிபா காலத்து இஸ்லாமியப் பாடல்களும் அப்படியே. அன்றைய திரைமெட்டுகளைத் தழுவி எழுந்தவை அவற்றுள் ஏராளம். அவற்றைக் குறித்து அன்றைய முதியோர் முகம் சுளித்ததுண்டு. இன்று நாம் அவற்றின் பெயராலேயே புதியவற்றைப் பழிக்கிறோம்.

அளவுகோல்

பழமை தகுதியில்லை எனில், நம் செவி பழைய பாடல்களில் தேடுவதுதான் யாது? இதற்கு விடை ஜுனைத் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களின் கூற்றாகக் கஸ்ஸாலீ எடுத்தாளும் மூன்று நிபந்தனைகளில் கிடைக்கிறது. செவியேற்றலுக்குக் காலம் (ஸமான்), இடம் (மகான்), தோழர் (இக்வான்) ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்றார் அவர். ஸூஃபிகளின் அவைக்குக் கூறப்பட்ட இவ்விதியைப் பாடலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். நல்ல பாடல் தனக்குரிய வேளையை அறியும். ஒரு நிலத்தில் வேர்கொண்டிருக்கும். யாரை நோக்கிப் பாடப்படுகிறது என்பதை மறவாது. ஹனிபாவின் பாடல் மேடையில் நின்று ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பாடப்பட்டது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் சென்றடைய வேண்டும் எனும் பொறுப்பு அவர் உச்சரிப்பில் தெரியும்.

இத்துடன் அரபுப் பாடசாலையின் அளவுகோல் ஒன்றையும் சேர்ப்போம். தஜ்வீத் கலையில் 'வக்ஃப்' என்னும் நிறுத்தத்திற்குத் தனி இலக்கணமே உண்டு. எங்கு நிற்க வேண்டும், எங்கு நிற்கலாகாது என்று அறியாதவர் குரல் எவ்வளவு இனிமையாயினும் நல்ல காரியாகமாட்டார். மௌனத்தையும் ஓதுதலின் ஒரு பகுதியாகக் கொண்ட மரபு நம்முடையது. இடைவெளியே இன்றி ஒலியால் நிரப்பப்பட்ட பாடலில் சொல் மூச்சடைத்துப்போகிறது. இன்றைய பாடல்களின் மீது நாம் கூறக்கூடிய நியாயமான குற்றச்சாட்டு இதுவே. இதிலிருந்து தப்பியவை எவை?

ஐந்து பாடல்கள்

முதலாவது, 2011-இல் வெளிவந்த 'ராக்ஸ்டார்' எனும் இந்தித் திரைப்படத்தின் 'குன் ஃபாயகூன்'. இசை ஏ. ஆர். ரஹ்மான், எழுதியவர் இர்ஷாத் காமில், பாடியோர் ரஹ்மான், ஜாவேத் அலீ, மோஹித் சௌஹான். 'ஆகு என்பான், அது ஆகும்' எனப் பொருள்படும் இத்தொடர் திருக்குர்ஆனில் எட்டு இடங்களில் வருகிறது. அதிலுள்ள 'ஃப' எனும் இணைப்பெழுத்து இடையீடற்ற தொடர்ச்சியைக் குறிப்பது. கட்டளைக்கும் நிகழ்வுக்கும் இடையே காலம் நுழையாது. திருமறைத் தொடரைத் திரையிசைக்குள் கொணர்வது தகுமா என்னும் தயக்கம் நமக்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் இப்பாடல் அத்தொடரைக் கையாளும் விதத்தில் ஓர் அடக்கம் இருக்கிறது. ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் பாடலில் இசை எங்கும் விரைவதில்லை. கூட்டுக்குரலும் ஆர்மோனியமும் அமைத்த அமைதிக்குள் தனிக்குரல் ஒன்று தயங்கித் தயங்கி நுழைகிறது. புகழ்தேடும் இளைஞன் ஒருவன் தன்னிலிருந்து தன்னை விடுவிக்குமாறு இறைஞ்சும் கட்டத்தில் பாடல் முனாஜாத்தாக மாறிவிடுகிறது. படமாக்கப்பட்ட இடம் தில்லி நிஜாமுத்தீன் தர்கா. வேளை, இடம், தோழர் மூன்றும் பொருந்திய பாடல். ரஹ்மானின் மற்றொரு புகழ்பெற்ற பாடலான 'க்வாஜா மேரே க்வாஜா'வை (2008) இங்குச் சேர்க்காததற்கும் இதுவே காரணம். மெட்டின் எளிமையில் அது குறைந்ததன்று. ஆனால் 'ஜோதா அக்பர்' படத்தில் அஜ்மீர் க்வாஜாவைப் போற்றும் பாடலுக்கு நெடிய தொப்பியணிந்து சுழலும் தர்வேஷ்கள் காட்டப்படுகின்றனர். அச்சுழற்சி துருக்கியின் மவ்லவிய்யா தரீக்காவிற்கு உரியது, சிஷ்தியாவின் வழக்கமன்று. இடம் பிறழ்ந்த காட்சி பாடலையும் வேரிலிருந்து பெயர்த்துவிடுகிறது.

இரண்டாவது, நாகூர் தர்காப் பாடகர் மூவரின் குரல். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அதன்பின், அலை தாக்கிய இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து, மாலத்தீவு, மியான்மர் ஆகிய ஆறு நாடுகளின் கரையோர மக்களிசையை அவரவர் ஊர்களிலேயே பதிவு செய்து 'லயா புராஜெக்ட்' என்னும் தொகுப்பு வெளியாயிற்று. நாகூர்ப் பாடகர்கள் அதில் இறைவனை விளித்துப் பாடுகின்றனர். தேர்ந்த குரல் என்று சொல்வதற்கில்லை. ஆண்டுக்கணக்கில் தர்கா முற்றத்தில் பாடிக் காய்ப்பேறிய குரல். பதிவுக்குப்பின் நவீன கருவிகளின் ஒலி சேர்க்கப்பட்டுள்ளது. சில இடங்களில் அது மிகை. ஆயினும் மூவரும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பற்றும் ஒழுங்கில் பழைய பைத்து ஸபாக்களின் முறை அப்படியே இருக்கிறது. பேரழிவுக்குப்பின் பாடப்பட்டும் அதில் முறையீட்டின் கசப்பு இல்லை. ஸப்ரு எனும் சொல்லுக்கு விரிவுரை கேட்கும் மாணவர்களை இதைக் கேட்கச் சொல்லலாம்.

மூன்றாவது, லெபனான் வழிவந்த சுவீடன் நாட்டுப் பாடகர் மாஹிர் ஸைனின் 'யா நபி ஸலாம் அலைக்க' (2011). நம் ஊர்களின் மவ்லிது மஜ்லிஸ்களில் எழுந்து நின்று ஓதப்படும் ஸலாம் பைத்தின் தொடக்கத் தொடரே இதன் தலைப்பு. மவ்லிதை ஏற்போரும் ஏற்காதோரும் நம்மிடையே உண்டு. ஆனால் அந்த ஸலாமின் ஓசையை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. இப்பாடலை ஐவருள் ஒன்றாக வைப்பதில் எமக்கு முழு மனநிறைவு இல்லை. உச்சரிப்பு தெளிவு, மெட்டு தூய்மை, மனம் நெகிழ்கிறது. எனினும் இது எந்த ஊரின் பாடல் என்று சொல்ல முடியவில்லை. ஜகார்த்தாவிலும் இலண்டனிலும் ஒரேபோல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக எல்லா மண்ணும் துடைக்கப்பட்டிருக்கிறது. நாம் ஸலாம் ஓதும்போது ஹஸ்ரத் ஓர் அடி சொல்ல, சிறுவரும் முதியோரும் ஆளுக்கொரு சுருதியில் இணைவர். அந்தக் கரடுமுரடில் ஒரு ஜமாஅத் இருந்தது. இங்கு ஒரு பாடகரின் குரலே முன்னிற்கிறது. ஆயினும் இதைச் சேர்ப்பதற்குக் காரணமுண்டு. மவ்லிது ஓதும் மஜ்லிஸுக்குச் செல்லாத நம் இளைஞர்கள் அந்த ஸலாமை இப்பாடகரிடமிருந்தே மனனம் செய்தனர். நாம் கைமாற்றத் தவறியதைக் கடல் கடந்து ஒருவர் கைமாற்றினார்.

நான்காவது, 2023-இல் வந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தின் 'அகநக'. எழுதியவர் இளங்கோ கிருஷ்ணன், பாடியவர் சக்திஸ்ரீ கோபாலன், இசை ரஹ்மான். திரையிசையில் தமிழ் சிதைகிறது என்று நாம் குறைகூறிவரும் காலத்தில், திருக்குறளின் 786-ஆம் குறளில் நட்பைப் பற்றி வள்ளுவர் ஆண்ட சொல் ஒன்று காதற் பாடலின் தலைச்சொல்லாகித் தெருவெங்கும் ஒலித்தது. இப்பாடலின் சிறப்பு அதன் சிக்கனம். மெல்லிய குரல், அதைச் சுற்றிப் போதிய வெளி. சொல் முடிந்தபின் அதன் எதிரொலி அடங்கும்வரை இசை காத்திருக்கிறது. வக்ஃபின் இலக்கணம் கற்காமலே ஒருவர் அதைக் கடைப்பிடித்திருக்கிறார். 'க'கர ஓசை உருண்டுவரும் சொற்களைத் தொடுத்த கவிஞருக்கும், அவற்றை விழுங்காமல் ஒலித்த பாடகிக்கும் பழைய செவியின் நன்றி உரியது.

ஐந்தாவது, இந்தக் கரிசல் மண்ணின் பாடல். 'கர்ணன்' (2021) திரைப்படத்தின் 'கண்டா வரச் சொல்லுங்க'. மாரி செல்வராஜ் எழுதி, சந்தோஷ் நாராயணன் இசையில், கிடாக்குழி மாரியம்மாள் அவருடன் இணைந்து பாடியது. எப்போதும்வென்றானுக்கு அண்மையிலுள்ள கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறையினர் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் சேதப்படுத்திய நிகழ்வின் நினைவு அப்படத்தின் அடியில் ஓடுகிறது. தங்களை விட்டுக் கொண்டுசெல்லப்பட்ட ஒருவனைக் கண்டால் வரச் சொல்லுமாறு ஓர் ஊரே கேட்கிறது. அரபு இலக்கியத்தில் 'ரிஸா' எனப்படும் கையறுநிலைப் பாடலை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது, சகோதரர் ஸக்ரின் பிரிவை வாழ்நாளெல்லாம் பாடிய அல்கன்ஸா (ரலி) அவர்களை முதலில் நிறுத்துவோம். புலவர் அவைகளுக்கு அப்பால், பாலைவனத்துப் பெண்ணொருத்தியின் தொண்டையில் அவ்வகைப் பாடல் உச்சத்தை எட்டியது. மாரியம்மாளின் குரலைக் கேட்கும்போது அந்த வரலாறு விளங்குகிறது. பயிற்சியின் மெருகு அதில் இல்லை. வயற்காட்டில் நின்று அடுத்த வரப்புக்குக் கேட்கும்படி அழைக்கும் வன்மை இருக்கிறது. தாளக்கருவிகள் முழங்கினாலும் ஒரு சொல்லும் தவறுவதில்லை. ஹனிபாவின் குரல் மேடையிலிருந்து கடைசி வரிசையைத் தேடியதுபோல் இக்குரலும் ஒருவரைத் தேடிச் செல்கிறது.

நூறிலிருந்து மூன்று

ஹாரூன் கேட்டதுபோல் இந்த ஐந்தையும் குறைத்துத் தருமாறு யாரேனும் கேட்டால், மாஹிர் ஸைனின் பாடலை முதலில் விடுவோம். அடுத்து, மனமில்லாமல், 'அகநக'வை. எஞ்சும் மூன்றில் ஒன்று தில்லியின் தர்கா முற்றத்திலும், ஒன்று நாகூரின் கடற்கரையிலும், ஒன்று கரிசற் காட்டிலும் நிற்கிறது. மூன்றுக்கும் ஊர் உண்டு. மூன்றிலும் பாடுபவர் யாரையோ நோக்கிப் பாடுகிறார். ஒன்றே ஒன்றுதான் எனில் எம் தேர்வு மாரியம்மாளின் குரல். அரபுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் இதைத் தேர்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் பைத்தும் முனாஜாத்தும் எம் செவிக்குக் கற்பித்த அளவுகோல் கொண்டு அளந்தபோது கிடைத்த விடை இது. அளவுகோல் நேர்மையானதாயின் அது காட்டும் விடைக்கு நாம் அஞ்சலாகாது.

இத்தேர்வில் ஓர் இடம் வெறுமையாய் நிற்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். தமிழில், தமிழ் முஸ்லிமால், இஸ்லாமியப் பொருளில் இந்நூற்றாண்டில் எழுதிப் பாடப்பட்ட புதிய பாடல் ஒன்றும் இவ்வைந்தில் இல்லை. அவை வெளிவராமலில்லை, மீலாது தோறும், ரமளான் தோறும் வருகின்றன. ஆனால் அவற்றுள் பல ஹனிபாவின் மெட்டை மின்னிசையில் மறுபதிப்புச் செய்கின்றன. அல்லது கடல்கடந்த நஷீதுகளைத் தமிழில் நகல் எடுக்கின்றன. பழமையை வழிபடுவோரிடமிருந்து நகலும், பழமையை அறியாதோரிடமிருந்து இன்னொரு நகலும் பிறக்கின்றன. பாலுசுவாமி வயலினைக் கையிலெடுத்தபோதும், உமறு விருத்தத்தைக் கையிலெடுத்தபோதும் நிகழ்ந்தது வேறு. பழையதை உள்ளும் புறமும் கற்றவர்கள் புதியதற்குச் செவி திறந்தனர்.

அச்செவியை இளையோரிடம் உருவாக்குவது மதரஸாக்களும் இல்லங்களும் செய்ய வேண்டிய பணி. குணங்குடியாரின் கண்ணிகளைப் பொருளறிந்து ஓதக் கற்பிப்போம். ஹனிபாவின் பாடலில் ஒரு சொல் எவ்வாறு ஒலிக்கப்படுகிறது என்று நிறுத்திக் காட்டுவோம். அவர்கள் கைப்பேசியில் கேட்பதையும் அருகிருந்து ஒருமுறை முழுதாகக் கேட்டு, இதில் இது நன்று, இது நன்றன்று எனக் காரணத்தோடு சொல்லுவோம். அவர்களுள் ஒருவர் நாளை எழுதும் பாடலை நம்முள் ஒருவர் தம் பட்டியலின் முதலிடத்தில் வைக்கும் நாளை அல்லாஹ் அருள்வானாக.